புரியும், பேச வராது: காதுவழி வந்த ஸ்பானிஷ் பற்றிய விவாதங்கள்

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தும் அந்த மொழியைப் பேசாதவர்கள் ஏராளம். பாட்டி ஸ்பானிஷில் கேட்பார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இருவருக்கும் பேச்சு விளங்கிவிடும். சிரிக்க வேண்டிய இடத்தில் இருவரும் சிரிப்பார்கள். அதே பேரனை ஸ்பானிஷில் நாலு வாக்கியம் பேசச் சொன்னால் நா எழாது. லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ, நியூயார்க் என்று லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் இது அன்றாட நடப்பு. வீட்டில் ஸ்பானிஷே இல்லாமல், படங்களும் தொடர்களும் பார்த்துப் பார்த்துக் காது பழகிக்கொண்டவர்களும் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

புரிகிறதே, பிறகு பேச்சு எங்கே தடைப்படுகிறது? இன்னும் கொஞ்சம் கேட்டால் தானாக வந்துவிடுமா, வாயைத் திறந்து பழகியே ஆக வேண்டுமா, அல்லது புரிகிறது என்ற எண்ணத்திலேயே ஓட்டை இருக்கிறதா? மொழி கற்பித்தல், உளவியல், சமூக மொழியியல் ஆகிய துறைகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்கு விடை சொல்லி வருகின்றன. விடைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அவை வேறு வேறு ஆட்களைப் பார்த்து, மொழியின் வேறு வேறு பகுதிகளை அளந்து சொல்லப்பட்டவை என்பது அந்த மோதலுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று இக்கட்டுரை கருதுகிறது.

யார் இந்தக் கேட்போர்?

புலம்பெயர்ந்தோர் மொழி மூன்று தலைமுறைகளில் மங்கிவிடும் என்பது அமெரிக்கச் சமூக மொழியியலின் பழைய முடிவுகளில் ஒன்று. ஜோஷுவா ஃபிஷ்மன் 1966-இல் தொகுத்த பெரிய ஆய்வு இந்தப் போக்கை விரிவாகப் பதிவு செய்தது. வந்தவர் தாய்மொழியில் வாழ்கிறார். பிள்ளை இரண்டிலும் பேசுகிறது. பேரப்பிள்ளைக்கு ஆங்கிலமே போதுமானதாகிவிடுகிறது. கேட்டுப் புரிந்துகொண்டு பேசாமல் இருப்பவர் பெரும்பாலும் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்ட படியில் நிற்கிறார்.

இப்படிப்பட்டவர்களை மொழியியல் கூர்ந்து கவனித்த முதல் களங்களில் ஒன்று ஸ்பானிஷ் உலகத்துக்கு வெளியே இருந்தது. ஸ்காட்லாந்தின் கிழக்குச் சதர்லாந்தில் மீனவக் குடியிருப்புகளின் கேலிக் மொழியை ஆராய்ந்த நான்சி டோரியன், 1970-களில் 'அரைப் பேச்சாளர்' என்ற பிரிவை வரையறுத்தார். அவர்கள் பேசினால் வாக்கியம் தடுமாறும். ஆனால் பேச்சின் நடுவே எப்போது தலையாட்டுவது, எதற்குச் சிரிப்பது, எங்கே ஒரு சொல்லைப் போடுவது என்பதெல்லாம் அத்துபடி. அவர்களுடைய புரிதல் பழுதற்றதாக இருந்ததால் பேச்சின் குறை சுற்றியிருந்தவர்கள் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை.

ஸ்பானிஷில் இதற்கு இணையான படத்தை கார்மென் சில்வா-கோர்வாலான் லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிக்க வம்சாவளியினரிடமிருந்து வரைந்தார். 1994-இல் வெளிவந்த அவரது நூல், தலைமுறை மாற மாற வினைவடிவங்கள் ஒவ்வொன்றாக உதிர்வதைக் காட்டியது. உதிர்வதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது: அன்றாடம் புழங்கும் எளிய காலவடிவங்கள் நிற்கின்றன, ஐயம், விருப்பம், நிபந்தனை ஆகியவற்றைச் சொல்லும் வடிவங்கள் முதலில் போகின்றன.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 1,899 இருமொழிக் குடும்பங்களிடம் ஆனிக் டி ஹவர் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் சிறுபான்மை மொழி ஒலித்தும் ஏறத்தாழ கால்பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் அதைப் பேசவில்லை. டொரான்டோவிலும் லண்டனிலும் தமிழ்க் குடும்பங்கள் இதே நிலையை நன்கு அறியும். வீட்டில் மொழி காதில் விழுவது பேச்சுக்கு உத்தரவாதம் இல்லை என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு அநேகமாக இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் வேறுபாடு.

கேட்பதே போதும் என்ற தரப்பு

முதல் விடை: பேச்சு கேட்பதன் விளைவு, அதை அவசரப்படுத்தத் தேவையில்லை. குழந்தை பல மாதம் கேட்ட பிறகே பேசுகிறது என்பது இத்தரப்பின் ஆதார வாதம். 1960-களில் ஜேம்ஸ் ஆஷர், மாணவர்களைப் பேசச் சொல்லாமல் கட்டளைகளைக் கேட்டு உடலால் செய்ய வைத்துக் கற்பித்தார். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் இருந்த ராணுவ மொழிப்பள்ளியில் வலேரியன் போஸ்டோவ்ஸ்கி, ரஷ்ய மொழி கற்ற மாணவர்களின் ஒரு பிரிவுக்கு முதல் சில வாரங்கள் வாய்ப்பேச்சுப் பயிற்சியைத் தள்ளிவைத்தார். அவர்கள் பின்தங்கவில்லை என்று 1974-இல் எழுதினார்.

இந்தச் சிந்தனைக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் ஸ்டீஃபன் கிராஷன். தற்போதைய நிலைக்குச் சற்றே மேலான, ஆனால் பொருள் விளங்கும் பேச்சைப் போதிய அளவு கேட்டாலும் படித்தாலும் மொழி உள்ளே படிந்துவிடும்; பேச்சு அதன் பலன், காரணம் அல்ல என்பது 1980-களில் அவர் முன்வைத்த கருதுகோள். பாங்காக்கில் தாய்லாந்து மொழி கற்பித்த மார்வின் பிரவுன் இன்னும் ஒரு படி மேலே போனார்: நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்பதற்கு முன் பேச முயல்வதே உச்சரிப்பையும் இலக்கணத்தையும் கெடுக்கும் என்றார். இன்று இணையத்தில் காணொலிகள் வழியே ஸ்பானிஷ் கற்போர் பலர் இவ்விருவரின் வாரிசுகள்.

இத்தரப்பின் வலிமை வெளிப்படையானது. கேட்டுப் புரியாத எதையும் யாரும் பொருளோடு பேச முடியாது. சொல்வளமும் ஒலியுணர்வும் பெரும்பாலும் கேட்பதிலிருந்தே வருகின்றன. பலவீனமும் வெளிப்படையானதுதான். ஆஷரும் போஸ்டோவ்ஸ்கியும் காட்டியது பேச்சைச் சில வாரங்கள் தள்ளிப்போடலாம் என்பதை. தவிர்க்கலாம் என்பதை அல்ல. பதினெட்டு ஆண்டுகள் பாட்டியின் ஸ்பானிஷைக் கேட்டும் பேசாத பேரன் இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு சங்கடம். அவனுக்குக் கிடைத்தது சமையலறைப் பேச்சு மட்டுமே, கோட்பாடு கேட்கும் அளவும் வகையும் அல்ல என்று கிராஷனின் ஆதரவாளர்கள் பதில் சொல்லலாம். அந்தப் பதிலை மறுப்பதும் நிரூபிப்பதும் ஒரே அளவு கடினம். எவ்வளவு கேட்டால் போதும் என்பதற்கு வெளியிலிருந்து அளக்கக்கூடிய எல்லை எதையும் கோட்பாடு தரவில்லை.

பேசினால்தான் பேச்சு வரும்

எதிர்த்தரப்புக்குக் களம் அமைத்துக் கொடுத்தது கனடா. கியூபெக் மாநிலத்தின் சென்ட் லாம்பெர்ட்டில் 1965-இல் ஆங்கிலக் குடும்பப் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சில் நடத்தும் வகுப்பு தொடங்கியது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது சமையலறைப் பேச்சு அல்ல. கணக்கு, வரலாறு, அறிவியல் என ஆண்டுக்கணக்கில் விளங்கும் பிரெஞ்சு. கேட்டுப் புரிவதில் அவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கினார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் விடாமல் தொடர்ந்தன.

1985-இல் மெரில் ஸ்வெய்ன் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். கேட்பவர் சூழலையும் முக்கியச் சொற்களையும் வைத்துப் பொருளைப் பிடித்துவிடலாம். பேசுபவர் வாக்கியத்தை முழுதாகக் கட்டியாக வேண்டும். அப்படிக் கட்ட முயலும்போதுதான் தனக்கு எது தெரியாது என்பது உறைக்கிறது. தான் ஊகித்த விதி சரியா என்று எதிராளியிடம் சோதிக்க முடிகிறது. மொழியைப் பற்றியே யோசிக்கவும் வழி பிறக்கிறது. கோலத்தைப் பார்த்து இன்ன கோலம் என்று சொல்வதற்கும், புள்ளி வைத்து இழுத்து முடிப்பதற்கும் உள்ள தூரம் இது.

திறன் உளவியல் சார்ந்த ராபர்ட் டிகீசர் இதை வேறு வழியில் வாதிட்டார். பயிற்சி எதற்குச் செய்கிறோமோ அதில்தான் வேகம் கூடும். 1996-இல் அவரும் கார்ல் சோகால்ஸ்கியும் ஸ்பானிஷ் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், கேட்டல் பயிற்சி கேட்டலையும் பேச்சுப் பயிற்சி பேச்சையும் வளர்க்கும் போக்குத் தெரிந்தது. ஆனால் எந்த இலக்கணக் கூறு, எப்போது சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது.

உரையாடலின் வேகத்தைப் பற்றிய ஆய்வுகளும் இத்தரப்புக்கு வலு சேர்க்கின்றன. ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி பல மொழிகளிலும் சுமார் 200 மில்லி நொடிதான் என்று 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு காட்டியது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே சுமார் 600 மில்லி நொடி பிடிக்கும். அப்படியானால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே பதிலைத் தயார் செய்தாக வேண்டும். கேட்டு மட்டும் பழகியவருக்கு அந்த இரட்டை வேலை புதிது. சொல் தெரியாமல் நிற்பதைவிட, சொல் வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவதே அவருக்கு அதிகம் நேரக்கூடும்.

2018-இல் எலிஸ் ஹாப்மனும் மேரியெலன் மெக்டொனால்டும் செயற்கை மொழி ஒன்றைக் கொண்டு செய்த சோதனை ஒரு திருப்பத்தைச் சேர்த்தது. சொல்லிப் பழகியவர்கள், புரிந்துகொண்டு மட்டும் பழகியவர்களைவிட, புரிதல் தேர்விலேயே இலக்கணத்தில் மேலாக இருந்தார்கள். பேச்சு கேட்டலின் கடைசிப் பலன் மட்டுமல்ல, கேட்டலைக் கூர்மையாக்கும் கருவியும் கூட என்று இதைப் படிக்கலாம். செயற்கை மொழியில் குறுகிய நேரம் பெற்ற முடிவு உயிருள்ள மொழிக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி. பேச்சுப் பயிற்சித் தரப்பின் பொதுவான குறையும் இதையொட்டியதே. அதன் சான்றுகளில் பல வகுப்பறை மாணவர்களிடமிருந்தும் சோதனைக்கூடத்திலிருந்தும் வந்தவை. பாட்டியின் மடியில் மொழியைக் கேட்டவர்களிடமிருந்து அல்ல.

கேட்பதிலேயே குறையா?

மூன்றாவது தரப்பு கேள்வியையே திருப்புகிறது: புரிகிறது என்று சொல்கிறீர்களே, எது புரிகிறது? ஸ்பானிஷில் 'ஆப்லோ' என்று முதல் அசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. எழுவாய்ப் பெயர் பெரும்பாலும் வாக்கியத்தில் வராது. யார், எப்போது என்ற இரண்டு செய்திகளும் ஓர் அழுத்தத்தில் அடங்கியிருக்கின்றன. 'நேற்று' என்ற சொல்லோ சூழலோ உதவிக்கு இருந்தால் கேட்பவர் அந்த அழுத்தத்தைக் கவனிக்காமலே பொருளைப் பிடித்துவிடலாம். பேசும்போது அப்படி நழுவ வழியில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

பில் வான்பேட்டனின் கோட்பாடு இங்கிருந்து எழுகிறது. கேட்பவர் பொருளுக்குத் தேவையானதை மட்டும் பிடித்துக்கொண்டு விகுதிகளை விட்டுவிடுகிறார். வாக்கியத்தில் முதலில் வரும் பெயரையே செய்பவராக எடுத்துக்கொள்கிறார். 'லோ யாமா மரியா' என்றால் 'மரியா அவனைக் கூப்பிடுகிறாள்' என்று பொருள். ஆங்கிலம் பழகிய காது அதை 'அவன் மரியாவைக் கூப்பிடுகிறான்' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வடிவத்தைக் கவனித்தால்தான் பொருள் கிடைக்கும்படி அமைத்த கேட்டல் பயிற்சியை வான்பேட்டனும் தெரசா காடியெர்னோவும் 1993-இல் சோதித்தார்கள். பேச்சுப் பயிற்சியே இல்லாத அந்தப் பிரிவினர் புரிதலில் முந்தியதோடு, சொந்தமாக வாக்கியம் அமைப்பதிலும் மரபான பயிற்சி பெற்றவர்களுக்குச் சமமாக நின்றார்கள்.

டிகீசரின் சோதனை ஓரளவு இதற்கு மறுப்பாகவே நடத்தப்பட்டது. அதன் பிறகு இரு பக்கமும் பல ஆய்வுகள் வந்தன. பயிற்சி எப்படி அமைந்தது, தேர்வு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து முடிவுகள் பிரிகின்றன. ஆனாலும் இத்தரப்பிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு தெளிவு உண்டு. புரிதல் என்பது ஒரே பொருள் அல்ல. கதை புரிவது வேறு, கதையைத் தாங்கிய விகுதி காதில் பதிவது வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதும் இருப்பதாக நினைத்துக்கொள்வதே பல குழப்பங்களின் தொடக்கம்.

சிறுவயதில் காதில் விழுந்தது

பிள்ளைப் பருவத்தில் கேட்டதோடு நின்றுவிட்டவர்களுக்கு அது பின்னாளில் எதைத் தருகிறது? 2002-இல் டெர்ரி கிட்-ஃபொங் ஆவ், லியா நைட்லி, சுன்-ஆ ஜுன், ஜேனட் ஓ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதை நேராகக் கேட்டது. பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் படித்த மாணவர்களில், சிறுவயதில் அதைச் சுற்றியிருந்தோர் பேசக் கேட்டு வளர்ந்து தாம் பேசாதவர்களையும், பதின்பருவத்தில் முதன்முறையாகப் படிக்கத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள்.

வேறுபாடு ஒலியில் தெரிந்தது. ஆங்கிலத்தில் சொல் தொடக்கத்தில் வரும் ப், ட், க் போன்ற ஒலிகளோடு மூச்சுக்காற்று வெடித்து வரும். ஸ்பானிஷில், தமிழைப் போலவே, அந்தக் காற்று இல்லை. சிறுவயதில் கேட்டவர்களின் உச்சரிப்பு தாய்மொழியினரை நெருங்கியது. புதிதாகப் படித்தவர்களுடையது அப்படி இல்லை. ஆனால் பால் இயைபு, எண் இயைபு போன்ற இலக்கணத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தென்படவில்லை. காது ஒலியைச் சேமித்திருந்தது, விகுதிகளை அல்ல.

2008-இல் ஆவும் அவரது குழுவினரும் இன்னொரு பிரிவைப் பார்த்தார்கள்: சிறுவயதில் சில ஆண்டுகள் ஸ்பானிஷைப் பேசிவிட்டு, பள்ளிக்குப் போன பிறகு கைவிட்டவர்கள். இவர்களுக்கு ஒலியில் மட்டுமின்றி இலக்கணத்திலும் அனுகூலம் தெரிந்தது. வெளியில் இரண்டு வகையினரும் 'புரியும், பேச வராது' என்றே தம்மைச் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஒரு காலத்தில் பேசியவருக்கு மீட்பு. ஒருபோதும் பேசாதவருக்கு ஒலித்தளத்தின் மேல் புதிய கட்டுமானம். இந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறியது, அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வகுப்பில் சேர முன்வந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முன்வராதவர்களின் நிலை இதிலிருந்து தெரியாது.

இலக்கணம் இல்லையா, எட்டவில்லையா?

வீட்டில் மொழியைப் பெற்று அது முழுமை அடையாமல் நின்றவர்களை 'மரபுமொழியினர்' என்று அழைப்பது இப்போது வழக்கம். அவர்களின் இலக்கணத்தை விரிவாக ஆராய்ந்த சில்வினா மொன்ட்ருல், 2008-இல் வெளியிட்ட நூலில் அதை 'நிறைவுறாக் கையகப்படுத்தல்' என்று விளக்கினார். சில கூறுகள் பிந்திய வயதில், அதிகப் புழக்கத்தில்தான் நிலைபெறும். அதற்குள் பள்ளி ஆங்கிலத்துக்கு இழுத்துவிடுகிறது.

அவரும் பிறரும் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கூறு தமிழருக்கு எளிதில் பிடிபடும். 'மரியாவைப் பார்த்தேன்' என்போம். 'மரியா பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். ஆனால் 'வீடு பார்த்தேன்' என்றால் வழுவில்லை. ஆளுக்கு வேற்றுமை உருபு கட்டாயம், அஃறிணைக்கு அப்படியல்ல. ஸ்பானிஷிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடு உண்டு: செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒரு மனிதரானால் முன்னால் 'ஆ' வர வேண்டும். 'வேயோ ஆ மி மாத்ரே' என்றால் 'என் அம்மாவைப் பார்க்கிறேன்'. வேகமான பேச்சில் பக்கத்து உயிரொலியோடு கரைந்துபோகும் இந்த ஒற்றை ஒலியை மரபுமொழியினர் பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்கும்போது அதை இழந்தாலும் பொருள் கெடுவதில்லை. பேசும்போது அது இல்லாதது தாய்மொழியினர் காதில் உடனே படும்.

'நிறைவுறா' என்ற சொல்லுக்கு எதிர்ப்பு வந்தது. டியேகோ பாஸ்குவால் இ காபோவும் ஜேசன் ரோத்மனும் 2012-இல், பிள்ளை காதில் விழுந்த ஸ்பானிஷே வேறு வகை என்றால் அதைப் பெற்றதைக் குறை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். மொன்ட்ருலும் நோயெலியா சான்செஸ்-வாக்கரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு ஓரளவு இடம் தந்தது: அமெரிக்காவில் நீண்ட காலம் வாழ்ந்த முதல் தலைமுறையினரும் அந்த 'ஆ'வை இடையிடையே விட்டுவிடுவதாக அது கண்டது. குறை பிள்ளையிடம் தொடங்கவில்லை.

மூன்றாவது விளக்கம் நரம்பியல் சார்ந்தது. மிஷேல் பாரடியின் கருதுகோளின்படி ஒரு சொல்லோ வடிவமோ புழங்கப் புழங்க எளிதில் கிளர்ந்தெழும்; புழங்காவிட்டால் அதை எழுப்ப அதிக விசை வேண்டும். வெளியிலிருந்து ஒலி வந்து தட்டுவதால் புரிவதற்குக் குறைந்த விசை போதும். பேச்சுக்கு உள்ளிருந்தே எழுப்ப வேண்டும். மைக்கேல் பட்னமும் லிலியானா சான்செஸும் 2013-இல் இதையொட்டிய ஒரு மாதிரியை மரபுமொழிகளுக்காக முன்வைத்தார்கள். இதன்படி அறிவு அழிந்துவிடவில்லை, எட்டாத இடத்தில் இருக்கிறது. ஆறுதலான விளக்கம்தான். ஆனால் எட்டாத அறிவையும் இல்லாத அறிவையும் பேச்சைக் கொண்டு பிரித்தறிவது கடினம். நுட்பமான புரிதல் சோதனைகளே அதற்கு வழி. கனடாவின் லாப்ரடார் கரையில் இனுட்டிட்டுட் மொழியைக் கேட்டுப் புரிந்துகொண்டு பேசாத பெரியவர்களை மரினா ஷெர்கினா-லீபர் அப்படிச் சோதித்தபோது, பேச்சில் தலைகாட்டாத இலக்கணத்தில் கணிசமான பகுதி புரிதலில் இருப்பதாகத் தெரிந்தது. ஆக, ஸ்பானிஷ் கேட்போரிடம் ஆவ் கண்டதும் இங்கே தெரிந்ததும் ஒத்துப்போகவில்லை. மொழிகளும் சோதனைகளும் வேறு, கேட்டு வளர்ந்த அளவும் வேறு என்பதால் எது பொது விதி என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

வெட்கமும் வரலாறும்

மேலே சொன்ன விளக்கங்கள் எல்லாம் தடையைத் தலைக்குள் தேடுகின்றன. சமூக மொழியியலாளர்கள் அதை வெளியே காட்டுகிறார்கள். டெக்சஸ் மாநிலத்தின் மார்ஃபா ஊரில் மெக்சிக்க அமெரிக்கப் பிள்ளைகள் படித்த பிளாக்வெல் பள்ளியில், 1954-இல் மாணவர்கள் ஸ்பானிஷ் பேச மாட்டோம் என்று காகிதத்தில் எழுதி, அதைப் பெட்டியில் வைத்துப் பள்ளி வளாகத்தில் புதைக்கும் சடங்கு நடந்தது. பள்ளி 1965-இல் மூடப்பட்டது. முன்னாள் மாணவர்கள் 2007-இல் ஒரு ஸ்பானிஷ் அகராதியைத் தோண்டி எடுத்து அந்தப் புதைப்பைத் திருப்பினார்கள். 2022-இல் அவ்விடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் நிறைவேறியது. தென்மேற்கு மாநிலங்களின் பல பள்ளிகளில் ஸ்பானிஷ் தடுக்கப்பட்டதை 1972-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்தது. கலிஃபோர்னியாவில் 1998-இல் வாக்கெடுப்பின் வழியே இருமொழிக் கல்வி பெரிதும் முடக்கப்பட்டு, 2016-இல் இன்னொரு வாக்கெடுப்பில் அந்தத் தடை நீங்கியது. பள்ளியில் அடிபட்டவர்கள் பெற்றோரானபோது பிள்ளைகளிடம் ஆங்கிலத்துக்கு மாறியதில் வியப்பில்லை.

இன்று அடி வேறு திசையிலிருந்து வருகிறது. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு ஸ்பானிஷில் 'நோ சே'. பொது விதியைப் பின்பற்றி 'நோ சாபோ' என்று சொல்லிவிடும் பிள்ளையின் பிழை, ஸ்பானிஷ் பேச வராத லத்தீனோக்களுக்கே, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கே, பட்டப்பெயராகிவிட்டது. பியூ ஆய்வு மையத்தின் 2023 அறிக்கையின்படி, அமெரிக்க லத்தீனோ பெரியவர்களில் 24 சதவீதம் பேர் ஸ்பானிஷில் சற்றே உரையாடுவார்கள் அல்லது உரையாடவே மாட்டார்கள். அவர்களில் 54 சதவீதம் பேரை அதற்காக இன்னொரு லத்தீனோ சங்கடப்படுத்தியிருக்கிறார். அதே சமயம், லத்தீனோ என்று கருதப்பட ஸ்பானிஷ் பேசியாக வேண்டியதில்லை என்று 78 சதவீதம் லத்தீனோக்கள் சொல்கிறார்கள். கொள்கையளவில் பெருந்தன்மை, குடும்ப விருந்தில் கேலி.

அந்நியர் முன் தடுமாறும் மாணவர் கற்பவராகப் பார்க்கப்படுகிறார், அதற்குப் பாராட்டும் கிடைக்கிறது. சொந்த அத்தை முன் தடுமாறுபவர் குறையுள்ளவராகப் பார்க்கப்படுகிறார். அதனால் அவர் பேசுவதைத் தவிர்க்கிறார். தவிர்ப்பதால் பழக்கம் வராமல் போகிறது. இந்தச் சுழற்சி நம்பத்தக்கது. ஆனால் வெட்கம் பேச்சின்மைக்குக் காரணமா, பேச்சின்மையின் விளைவா என்பதைப் பெரும்பாலான ஆய்வுகளால் பிரிக்க முடியவில்லை. அவை ஒரே வேளையில் எடுத்த நேர்காணல்களையும் வினாப்பட்டியல்களையும் நம்புகின்றன.

வீட்டுப் பேச்சின் அமைப்பும் இங்கே சேரும். நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லமில் புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்களோடு பல ஆண்டுகள் பழகி ஆனா செலியா சென்டெல்லா 1997-இல் எழுதிய நூல், பெரியவர் ஸ்பானிஷில் பேச, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் உரையாடல்கள் அங்கே எவ்வளவு இயல்பானவை என்பதைக் காட்டியது. பிள்ளை பதிலை எந்த மொழியில் சொன்னாலும் காரியம் நடந்துவிட்டால் மாறுவதற்குத் தூண்டுதல் இல்லை. நார்வேயில் இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்த எலிசபெத் லான்ஸா, பெற்றோர் புரியாதது போல நடந்துகொள்வதிலிருந்து தாமே மொழி மாறுவது வரை ஒரு வரிசையைப் பிரித்துக் காட்டினார். முதல் வகை குழந்தையைச் சிறுபான்மை மொழிக்குத் திருப்பக்கூடும். வளர்ந்த பேரனிடம் ஒரு பாட்டி இதை எவ்வளவு தூரம் கடைப்பிடிக்க முடியும், அது பாசத்துக்குத் தரும் விலை என்ன என்பது வேறு.

வகுப்பறை சொல்லும் விடை

நடைமுறை இதில் கோட்பாட்டுக்குச் சற்று முன்னால் போயிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் குவாடலூப்பே வால்தேஸ் வகுத்து 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவலான வரையறை, மரபுமொழி மாணவர் என்பதில் அம்மொழியைப் பேசுபவரோடு வெறுமனே புரிந்துகொள்பவரையும் சேர்த்தது. ஆனால் சேர்த்த பிறகும் எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்ற சிக்கல் தீரவில்லை. தொடக்க வகுப்பில் வைத்தால், 'இது மேசை' என்ற பாடத்தில் சலிப்பு. சரளமாகப் பேசுவோர் நடுவே வைத்தால் வாய்ப்பூட்டு. அரிசோனா பல்கலைக்கழகத்தில் சாரா போட்ரி உள்ளிட்டோர் இவர்களைத் தனிப் பிரிவாகக் கண்டு, தனி வகுப்பின் தேவையை 2000-களில் எழுதினார்கள்.

இப்படிப்பட்ட வகுப்பை வடிவமைப்பவர்களுக்கு ஓர் ஆய்வு முடிவு வழிகாட்டுகிறது. மொன்ட்ருல், ரெபேக்கா ஃபூட், சில்வியா பெர்பின்யான் ஆகியோர் 2008-இல் பால் இயைபைச் சோதித்தபோது, எழுத்துத் தேர்வில் வகுப்பறை மாணவர்களும் வாய்மொழித் தேர்வில் மரபுமொழியினரும் முந்தினார்கள். விதியைச் சொல்லித்தந்து எழுத வைக்கும் வழக்கமான பாடத்திட்டம் இவர்களின் பலத்தை விட்டுவிட்டுப் பலவீனத்தில் தொடங்குகிறது. பழகிய காதை முதலாக வைத்து, குறுகிய பதில்களில் தொடங்கி நீண்ட கதைசொல்லலுக்குப் போவது பொருத்தமாகத் தோன்றுகிறது. அந்தப் பரிசோதனையில் இருந்தவர்கள் ஓரளவு பேசக்கூடியவர்கள் என்பதால், அறவே பேசாதவர்களுக்கு இதை நீட்டுவது ஊகமே.

எஞ்சி நிற்பவை

இந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். கேட்டல் வீணல்ல, ஒலி, சொற்பொருள், உரையாடல் ஒழுங்கு ஆகியவற்றில் அது தரும் முதல், பின்னாளில் புதிதாகத் தொடங்குபவருக்குக் கிடைப்பது அரிது. கேட்டல் மட்டும் பெரும்பாலோருக்குப் போதவில்லை; சென்ட் லாம்பெர்ட்டின் பிள்ளைகளும் ஃபிளாண்டர்ஸின் குடும்பங்களும் அதற்குச் சான்று. குறை அதிகம் தெரிவது, கேட்பவர் கவனிக்காமல் தாண்டிவிடக்கூடிய சின்ன விகுதிகளிலும் உருபுகளிலும். அவற்றைக் காதால் பிடிக்கும் பயிற்சியும் வாயால் சொல்லும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று போட்டி என்பதைவிடத் துணை என்று கொள்வதற்கே சான்றுகள் சற்று அதிகம்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை மூன்று. முதலாவது, உள்ளே இருக்கும் இலக்கணம் எவ்வளவு என்பது. அது இல்லையா, எட்டவில்லையா என்ற கேள்விக்கு விடை ஆளுக்கு ஆள் மாறலாம். சிறுவயதில் பேசியவரையும் பேசாதவரையும் ஒரே தொகுப்பில் வைக்கும் ஆய்வுகள் இதில் உதவா. இரண்டாவது, காலம். ஆங்கிலம் பேசும் பெரியவர் ஸ்பானிஷைத் தொடக்கத்திலிருந்து கற்றுப் பணிக்குத் தகுதி பெற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. பாதி வழியைக் காதால் கடந்துவிட்டவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கென்று நம்பத்தக்க கணக்கு வேண்டுமானால், பேசத் தொடங்கும் நாளிலிருந்து பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள் வேண்டும். மூன்றாவது, கூச்சத்தின் பங்கு. அதைக் குறைத்தால் பேச்சு எவ்வளவு கூடுகிறது என்று அளப்பது, அது இருக்கிறது என்று காட்டுவதைவிடக் கடினமான வேலை.

அதுவரை எந்தத் தரப்பின் அறிவுரையையும் முழுதாக ஏற்கும் முன், அந்தத் தரப்பு யாரைப் பார்த்து அதைச் சொன்னது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டுக்கொண்டே இருங்கள் என்பது புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல ஆலோசனையாக இருக்கலாம். இருபது ஆண்டுகள் கேட்டவருக்கு அது தள்ளிப்போடுவதற்கான சாக்காகிவிடக்கூடும். உடனே பேசுங்கள் என்பது ஒரு காலத்தில் பேசியவருக்கு உதவும். ஒருபோதும் பேசாதவருக்கு, கேலி செய்யாத ஒரு துணையும் விகுதிகளைக் கவனிக்க வைக்கும் பயிற்சியும் கூடவே தேவைப்படலாம்.